அம்மா எப்போது வீட்டுக்குப் போகலாம்?

(சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தானாக உட்கார முடியாத, பேச முடியாத, கையால் எதையும் பிடிக்க முடியாத ஒரு குழந்தை பள்ளிக்கு வருகிறது என்றால், அன்றைய நாளின் மிக நீளமான பாடவேளை மதியச் சாப்பாடு. ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். கால அட்டவணை போடுகிறவர்கள் அதை 'இடைவேளை' என்று எழுதிவிடுகிறார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம்.

மூளை முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த சில காலத்திலோ ஏற்பட்ட சேதம் அது. அந்தச் சேதம் அதற்குமேல் பெருகுவதில்லை. ஆனால் அதனால் தசை இறுகுவதும், இடுப்பு மூட்டு விலகுவதும், முதுகு வளைவதும் குழந்தை வளர வளர ஏறிக்கொண்டே போகும். பிறந்ததும் அழவில்லை, எடை குறைவாக மாதம் நிறையாமல் பிறந்தது, மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கிவிட்டது என்று ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரு கதை இருக்கும். கை கால் இயங்காதது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நாக்கும் தொண்டையும்கூடத் தசைதான் என்பது சாப்பாட்டு வேளையில்தான் தெரியவரும்.

நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, பாலாடையிலோ சங்கிலோ புகட்டுவார்கள். கைக்குழந்தைக்கு அது நம் ஊர்ப் பழக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதே மாதிரி கஞ்சி ஊற்றுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கு உட்கார நாற்காலி எவரும் தரவில்லை. ஊட்ட வேறு வழியும் எவரும் காட்டவில்லை. ஆனால் தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்த வாசலாகிவிடும். தண்ணீர், ரசம், பால் போன்றவை நாக்கு தடுப்பதற்கு முன்பே உள்ளே ஓடிவிடும். புரையேறி இருமினால்கூட நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். சில குழந்தைகளுக்கு இருமலே வராது. 'அடிக்கடி சளி டீச்சர், நெஞ்சுல கட்டிக்குது, மாசத்துக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரி' என்பார் அம்மா. மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மாற்ற வேண்டியது ஊட்டுகிற முறையாக இருக்கும்.

முறை கடினமானதல்ல. முதுகுக்குச் சாய்மானம், இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் பலகையில் பதிந்த உட்காருதல். முகவாய் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். கரண்டி மேலேயிருந்து இறங்கக் கூடாது. முன்னாலிருந்து, வாய் மட்டத்தில் வர வேண்டும். சில பிள்ளைகளுக்கு வாயில் எது பட்டாலும் பல் இறுகிக்கொள்ளும், அவர்களே நினைத்தாலும் விட முடியாது. அவர்களுக்கு எவர்சில்வர் கரண்டி கூடாது. தண்ணியாக இருப்பதைவிடக் கூழ்ப் பதம் விழுங்க எளிது. சாப்பிட்டு முடித்ததும் படுக்கப் போடாமல் அரை மணி நேரமாவது நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். இதை நான் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆனது. ஒரு குழந்தைக்குப் பழக்கிவிட மாதக்கணக்கில் ஆகும்.

பள்ளியில் ஆசிரியை இதைச் சரியாகச் செய்துவிட்டால் போதுமா? பள்ளியில் ஒரு வேளைதான். காலையும் இரவும் வீட்டில். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல், மே மாதம் முழுக்கப் பாட்டி ஊர். ஆகவே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், பாட்டிக்குச் சொல்ல வேண்டும், ஊட்டிவிட ஆசைப்படும் அக்காவுக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, அவர்கள் கையைப் பிடித்து ஊட்ட வைக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ஒரு பெயர் எழுதுகிறோம். வந்து சேருவது ஒரு குடும்பம். நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: ஆசிரியர் எண்ணிக்கை, நேரம், பணம் எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். நாம் இன்னும் தலைக்கு ஒன்று என்று குழந்தையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சாப்பாட்டு வேளையில் இன்னொன்றும் நடக்கிறது. 'இன்னும் வேணுமா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருந்து பாருங்கள். கேட்பது சுலபம், காத்திருப்பதுதான் நமக்கு வராது. பத்து நொடி, பதினைந்து நொடி கழித்து அந்தப் பிள்ளையின் கண் மேலே போகும். அல்லது உதடு இறுகும். 'ஆம்' ஒன்று, 'இல்லை' ஒன்று. இந்த இரண்டும் உறுதியாகக் கிடைத்துவிட்டால் அடுத்து ரசமா மோரா என்று இரண்டு கிண்ணத்தைக் காட்டலாம். பிறகு படங்கள் ஒட்டிய பலகை. பிறகு கண்ணாலேயே காட்டுவதற்கான ஒளிபுகும் பலகை: நடுவே ஓட்டையிட்ட ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு மூலையிலும் படம் ஒட்டி, பிள்ளைக்கும் நமக்கும் இடையில் பிடித்துக்கொண்டால், அது எந்த மூலையைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. கணினி உதவியும் வந்துவிட்டது. 'ஆவாஸ்' என்ற பேச்சு உதவிக் கருவியைச் சென்னைப் பொறியாளர் அஜித் நாராயணன் உருவாக்கினார். கோட்டூர்புரம் வித்யாசாகர் பள்ளிப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்துதான் அது உருவானது. ஆனால் கருவி எதுவாக இருந்தாலும், எதிரே ஒருவர் காத்திருக்க வேண்டும். வீட்டில் அந்த ஒருவருக்கு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்.

இங்கே ஆயாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிகளின் ஆண்டறிக்கையில் ஆசிரியர் பட்டியல் வரும், சிகிச்சையாளர் பட்டியல் வரும், நன்கொடையாளர் பட்டியல் கொட்டை எழுத்தில் வரும். ஆயா பெயர் வராது. ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முதல் மாதவிலக்கு வந்த அன்று அவளைக் கழுவி, துணி மாற்றி, பயப்படாதே என்று சொன்னவர் அவர். டயப்பர் மாற்றப் படுக்கை வசதி உள்ள கழிவறை எத்தனை பள்ளியில் இருக்கிறது? சாய்தளம் கட்டிவிட்டோம், பிடிகம்பி போட்டுவிட்டோம் என்று படம் எடுத்து அனுப்புகிறோம். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளையைத் தரையில் குனிந்து மாற்றி மாற்றி ஆயாவின் இடுப்பு போய்விடுகிறது. வீட்டில் அம்மாவின் இடுப்பும் அப்படியே.

வேன் ஓட்டுநரும் அப்படித்தான். வழியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் பார்ப்பது அவர்தான். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊரில் இன்னும் போகவில்லை. சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பு. இதைத் தெரிந்துவைத்திருக்கும் ஓட்டுநர் தன் தெருவிலும் நான்கு பேருக்குச் சொல்வார். பள்ளிச் சமூகம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது இப்படித்தான் மதில் சுவரைத் தாண்டிப் போகிறது.

இனி அம்மாக்கள். எந்தச் சிறப்புப் பள்ளிக்குப் போனாலும் வராந்தாவில் ஒரு வரிசை அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையை இடுப்பில் சுமந்து இரண்டு பஸ் மாறி வந்திருப்பார்கள். திரும்பிப் போய் மறுபடி வருவதற்குள் மணி அடித்துவிடும், அதனால் அங்கேயே இருந்துவிடுவார்கள். 2021-இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் டிக்கெட் இல்லாவிட்டாலும் படிக்கட்டு இருக்கிறதே! தாழ்தளப் பேருந்துக்காக உயர்நீதிமன்றம் வரை போய்ப் போராடித்தான் சென்னையில் 2024-இல் அவை மறுபடி ஓடத் தொடங்கின. மற்ற பல ஊர்களில் அம்மாவின் இடுப்புதான் தாழ்தளப் பேருந்து.

அந்த வராந்தாவில் நடப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைக்கவில்லை. எந்த மருத்துவர் பொறுமையாகப் பார்ப்பார், அடையாள அட்டை முகாம் என்றைக்கு, வலிப்பு மாத்திரை அரசு மருத்துவமனையில் இந்த மாதம் வந்திருக்கிறதா, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். புதிதாக வந்த இளம் தாய், 'நான் என்ன பாவம் செஞ்சேனோ' என்று ஆரம்பிப்பார். பக்கத்திலிருக்கும் மூத்த அம்மா, 'நாங்க எல்லாரும் சேர்ந்தா செஞ்சோம், சரி, நீ சாப்டியா?' என்று கேட்பார். என் பல வருட ஆலோசனைப் பயிற்சியில் இதற்கு இணையான ஒரு வாக்கியத்தை நான் கற்கவில்லை.

நம் நாட்டில் இந்தப் பள்ளிகள் பிறந்ததே இப்படிப்பட்ட அம்மாக்களால்தான். மூளை முடக்குவாதம் உள்ள மகள் மாலினிக்கு ஏற்ற பள்ளி இல்லாததால் மிது ஆலூர் 1972-இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அந்த மாலினி சிப் பிற்பாடு தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். சென்னையில் பூனம் நடராஜன், அவரும் அப்படி ஒரு பிள்ளையின் தாய், 1985-இல் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். அரசு திட்டம் போட்டு, அதிகாரி வந்து அடிக்கல் நாட்டிப் பிறந்தவை அல்ல இவை. வேறு கதவு திறக்காததால் திறந்த கதவுகள்.

இதைப் பெருமையாகச் சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். நான் முடிக்கப்போவதில்லை. தாய்மையின் மகிமை என்று மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். 'அம்மா கூடவே இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம்' என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. ஆள் இல்லை, பணம் இல்லை, காரணம் உண்மைதான். ஆனால் அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார், நாலு வீட்டில் வேலை பார்த்திருப்பார், தையல் மிஷின் மிதித்திருப்பார். அந்தக் கூலி போயிற்று. குடும்பத்துக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண்ணின் பகலை முழுவதும் சம்பளமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். முதல் ஆண்டு அவர் கற்றுக்கொள்ள வரட்டும். இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் அதே வராந்தாவில் இருந்தால் பள்ளி தோற்றுவிட்டது என்றுதான் நான் கணக்கு வைப்பேன். அல்லது அவருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, உதவியாளராக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று.

அப்பாக்கள்? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டால் வருவார்கள். சாய்தளத்துக்கு சிமெண்ட் கலக்கக் கூப்பிட்டால் இன்னும் உற்சாகமாக வருவார்கள். ஊட்டச் சொன்னால் கைபேசியில் அவசர அழைப்பு வந்துவிடும். சிரிக்கிறீர்கள். சிலர் மொத்தமாகப் போயே விடுகிறார்கள். அந்த வீடுகளைப் பற்றிச் சிரிக்க ஒன்றுமில்லை.

குடும்பம் பள்ளிக்கு வருவதுபோல் பள்ளி குடும்பத்துக்குப் போவதும் உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவித்த 1981-இல் சொந்த ஊரில் சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள கணக்குத் தணிக்கையாளர் சங்கரராமன் பிறகு அவரோடு சேர்ந்தார். அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். கையில் ஒரு செயலி. இயன்முறை சிகிச்சையாளரும் சிறப்பாசிரியரும் அதன் வழியே பின்னால் நிற்கிறார்கள். மூன்று வயதுக்குள் குழந்தையைக் கண்டுபிடித்துவிட்டால் பாட்டியின் காலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எளிது. எட்டு வயதில் முதுகு வளைந்த பிறகு கஷ்டம்.

அரசும் வீட்டுக்கு வருகிறது, ஒரு வகையில். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2012-இல் செய்த திருத்தம் கடும் ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று உரிமை தந்தது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். வெயிலில் டூ வீலரில் ஊர் ஊராய் அலையும் அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உரிமை பல இடங்களில் பள்ளிக்குத் தப்பிக்கும் வழியாகிவிட்டது. பக்கத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கும். அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வகுப்புத் தோழன் இருப்பதே தெரியாது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 18 வயது வரை பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதை நீயே தேர்ந்துகொள் என்கிறது. தேர்ந்துகொள்ள இரண்டு கதவும் திறந்திருந்தால்தானே?

வெளிநாட்டில் எல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1970-இல் இயற்றிய சட்டம் 1971 ஏப்ரலில் நடப்புக்கு வரும்வரை, கடும் அறிவுக் குறைபாடுள்ள குழந்தைகள் கல்வித் துறையின் பொறுப்பிலேயே இல்லை. கற்பிக்க இயலாதவர்கள் என்று சொல்லிச் சுகாதாரத் துறையிடம் விட்டிருந்தார்கள்.

சினிமாவுக்கும் வருகிறேன், நம் மக்கள் இந்தக் குழந்தைகளை அதிகம் பார்த்தது திரையில்தான். 1990-இல் வந்த 'அஞ்சலி' படம் ஒரு குடியிருப்பு முழுவதையும் அழ வைத்தது, நம்மையும் அழ வைத்தது. கடைசியில் அஞ்சலி என்ற அந்தக் குழந்தை இறந்துவிடுகிறது. படத்துக்கு அது வசதியான முடிவு. நம் பள்ளிகளில் அஞ்சலிகள் இறப்பதில்லை, அதாவது எல்லாரும் இறப்பதில்லை, வளர்கிறார்கள். பருவம் வருகிறது, மீசை வருகிறது, கோபம் வருகிறது, ஆசை வருகிறது. அதைப் பேச நமக்கு 2019 வரை, இயக்குநர் ராமின் 'பேரன்பு' வரை ஆயிற்று. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா என்னிடம், 'இதை எல்லாம் வெளிய சொல்லலாமா டீச்சர்?' என்று கேட்டார். சொல்லாமல் வைத்திருந்ததால்தான் அந்தந்த வீட்டுக் கதவுக்குள் அது அத்தனை பாரமாகிப்போனது.

வளர்ந்து 18 வயது ஆன நாளில் என்ன ஆகிறது தெரியுமா? சட்டப்படி அவர் மேஜர். பெற்றவர்கள் தானாகவே காப்பாளர் ஆக மாட்டார்கள். வங்கிக் கணக்குக்கும் சொத்துப் பத்திரத்துக்கும் காப்பாளர் சான்று கேட்பார்கள். 1999 ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் அதைப் பெற வேண்டும். இந்தச் செய்தி பல குடும்பங்களுக்குப் பதினெட்டாவது வயதில், வங்கிக் கவுண்டரில் தெரியவருகிறது. பதினாறாவது வயதில், பள்ளியில், நாம் சொல்லித்தர வேண்டாமா? அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. அந்தப் பெயரையே கேள்விப்படாத பெற்றோர் இந்த அரங்கில் இருக்கக்கூடும். இருந்தால் அது உங்கள் தவறில்லை, முன்வரிசையில் இருக்கும் எங்கள் தவறு.

பணம். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய். 2023 தொடக்கம் வரை 1,500 ஆக இருந்தது. ஒரு நாளைக்கு 66 ரூபாய் வருகிறது. வாங்கியவர்கள் நன்றியோடுதான் வாங்குகிறார்கள். ஆனால் பெரியவர்களுக்கான டயப்பர் விலையை ஒருமுறை மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

பள்ளி முடிந்த பிறகு என்ன என்பதற்கு நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை. கையை ஓரளவு அசைக்க முடிந்தவர்கள் கவர் ஒட்டுவார்கள், மெழுகுவத்தி செய்வார்கள். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் வீட்டுக் கட்டிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பள்ளியில் பத்து வருடம் கற்ற கண் பேச்சு, கேட்க ஆள் இல்லாமல் மறந்துபோகிறது. பழைய மாணவர் சங்கம் என்று எல்லாப் பள்ளியிலும் வைத்திருக்கிறார்கள். நம் பழைய மாணவர்களைப் போய்ப் பார்க்க நமக்கு ஒரு பட்டியல்கூட இல்லை. அம்மாவுக்கு அறுபது, மகனுக்கு முப்பத்திரண்டு. 'எனக்கப்புறம் இவன யாரு பார்ப்பா?' என்ற கேள்வியை மகனின் பத்து வயதில் மெதுவாகக் கேட்டவர் இப்போது சத்தமாகவே கேட்கிறார். அக்கா பார்ப்பாள் என்பார்கள். அக்காவுக்குக் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டில் முதலில் கேட்பதும் அதைத்தான். நாலைந்து குடும்பம் சேர்ந்து வீடு எடுத்து, ஆள் வைத்து, பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கும் முயற்சிகள் அங்கங்கே இருக்கின்றன. மெதுவாகத்தான் நகர்கிறது, நகர்கிறது.

அவ்வளவு தூரம் போவதற்கு முன் பக்கத்தில் செய்யக்கூடிய ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். முன்பு ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும், பள்ளியிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். கணினி என்று ஓரிருவர் சொன்னார்கள், நீச்சல் குளம் என்று ஓர் அப்பா சொன்னார். அம்மாக்களில் பெரும்பாலோர் சொன்னது, ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்பது. ஒருவர் தம்பி கல்யாணத்துக்குப் போக முடியவில்லை என்றார். இன்னொருவர் தன் பல்லைப் பிடுங்கவே நாள் கிடைக்கவில்லை என்றார்.

மாதம் ஒரு சனி ஞாயிறு பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கட்டும். முறை வைத்து ஆறு ஆறு பேராக. மூன்று ஆயா, ஒரு செவிலியர், ஓர் ஆசிரியர், இரவுக்கு ஒரு வேன். ஆயாக்களுக்கு இரட்டைச் சம்பளம். அதில் பேரம் பேச வேண்டாம். வலிப்பு மாத்திரைப் பட்டியலும் ஊட்டும் முறையும் நம்மிடம் ஏற்கெனவே எழுதி இருக்கின்றன. கட்டில் மட்டும் வாங்க வேண்டும். இதற்கு நிதி எங்கே என்று பொருளாளர் கேட்பார், கேட்க வேண்டியவர்தான். செலவுக் கணக்கை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன் கையில் கொடுத்துவிடுகிறேன்.